முதியோர் இல்லம் நடத்தவும் ஒரு படிப்பு வந்த வரலாறு



நம்ம மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை கேட்டாங்க. சேமிப்பு, சுழல்நிதி, வங்கிக் கடன் என்று நாம் கடந்து வந்த பாதையைப் பலரும் எழுதுவார்கள். நான் வேறொரு வரலாற்றை எழுதுகிறேன். வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை வீட்டு வேலையாக இருந்தது. அது எப்படித் தேர்வு எழுதிப் பட்டம் வாங்குகிற நிர்வாகப் படிப்பாக மாறியது என்கிற வரலாறு இது.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. நம்ம கூட்டங்களில் கொஞ்ச நாளாக முதியோர் பற்றிய பேச்சு வருகிறது. பிள்ளைகள் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போய்விட்டார்கள். வீட்டில் இருக்கிற மருமகளும் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. பகலில் பெரியவர்களைப் பார்க்க ஒரு மையம் நாமே ஆரம்பிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நம்ம பிள்ளைகளை முதியோர் பராமரிப்பு உதவியாளர் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இன்னும் சிலர், "பெரியவங்களுக்குக் கஞ்சி ஊத்த எதுக்குப் படிப்பு? மனசு இருந்தா போதாதா?" என்கிறார்கள்.

மனசு இல்லாமல் இந்த வேலை நடக்காதுதான். ஆனால் மனசு மட்டும் போதுமா என்று கேட்டால், வரலாறு போதாது என்றுதான் சொல்கிறது. அமெரிக்காவில் எம்.பி.ஏ. மாதிரியான வியாபார நிர்வாகப் படிப்போடு முதியோர் சேவையைச் சேர்த்துப் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கும் ஆச்சரியமாக இருந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். ஆனாலும் அந்தப் படிப்பு எதுக்காக வந்தது என்று தேடிப் பார்த்தேன். அதில் நமக்கு வேண்டிய பாடம் நிறைய இருந்தது.

கஞ்சித்தொட்டியும் ஏலமும்

முதலில் நம்ம பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆதரவற்றவர்களுக்குச் சோறு போடுவது நமக்குப் புதுசு இல்லை. ஹைதர் அலியோடு போர் நடந்த காலத்தில் சென்னைப் பக்கம் பெரிய பஞ்சம் வந்தது. அப்போது 1782-ல் ராயபுரம் பக்கத்தில் கஞ்சி ஊற்றுகிற இடம் ஒன்று ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று அதற்குப் பெயர். அங்கே நோயாளிகளையும் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜனங்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றார்கள். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்ததுதான். சத்திரம் பிற்காலத்தில் முதியோர் இல்லமாக நிலைத்தது. தர்மமாக ஆரம்பித்தது இவ்வளவு காலம் நின்றது என்றால், நிலமும் பணமும் கணக்கும் பார்க்க யாரோ தொடர்ந்து இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதே காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? பல ஊர்களில் ஆதரவற்ற ஏழைகளை ஏலம் விட்டார்கள். நம்ம ஏலச்சீட்டு மாதிரி தள்ளிக் கேட்கிற ஏலம். "இந்தப் பாட்டியை ஒரு வருஷம் வைத்துச் சோறு போட எவ்வளவு வேண்டும்?" என்று ஊர்க்காரர்களைக் கேட்பார்கள். யார் குறைந்த பணத்துக்குக் கேட்கிறார்களோ அவர் வீட்டுக்கு அந்தப் பாட்டி போக வேண்டும். குறைந்த பணத்துக்கு எடுத்தவர் எப்படிச் சோறு போட்டிருப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஏழைகள் விடுதி என்று அரசாங்கமே கட்டியது. அதில் முதியவர், மனநோயாளி, கைவிடப்பட்ட குழந்தை எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அந்த விடுதிக்குப் போவதை விடச் சாவதே மேல் என்று முதியவர்கள் நினைத்தார்கள்.

ஒரு சட்டவரி செய்த மாற்றம்

1935-ல் அமெரிக்க அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வறுமையில் உள்ள முதியவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கிடைக்க வழி பிறந்தது. ஆனால் அரசு விடுதியில் தங்கியிருப்பவருக்கு அந்தப் பணம் கிடையாது என்று அதிலே ஒரு விதி இருந்தது. ஏழைகள் விடுதிகள் ஒழியட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

நடந்தது வேறு. கையில் காசு வந்த முதியவர்கள் அரசு விடுதியை விட்டு வெளியே வந்தார்கள். பலருக்கு வீடு இல்லை, பார்க்க ஆளும் இல்லை. அப்போது விதவைகளும் வேலை இழந்த நர்சுகளும் தங்கள் வீட்டில் நாலு அறையை ஒதுக்கி, நாலைந்து முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்த உதவித்தொகைதான் அவர்களுக்குக் கூலி. அங்கே இன்று பெரிய தொழிலாக இருக்கிற முதியோர் இல்லங்களில் நிறைய இப்படிப் பெண்கள் வீட்டு அடுப்படியிலிருந்துதான் கிளம்பியது. நாம் ஊறுகாய், மசாலா என்று வீட்டில் ஆரம்பிக்கிற மாதிரிதான்.

1950-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இல்லங்களுக்கு மாநில அரசு உரிமம் தர வேண்டும், தரம் பார்க்க வேண்டும் என்று வந்தது. கட்டடத்துக்கு விதி வந்தது. ஆனால் நடத்துகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கோழிக் கொட்டகையில் ஒரு டீச்சர்

இந்த இடத்தில் ஒரு பெண்மணியைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். பெயர் எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ்.  கலிபோர்னியா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையான முதல் பெண். வயதான தாயாரைப் பார்த்துக்கொள்வதற்காக 1944-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் நலனைப் பார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது ஒரு வயதான அம்மாவைப் பார்க்கப் போனார். முன்னாள் டீச்சர். அந்த அம்மா குடியிருந்தது ஒரு கோழிக் கொட்டகையில். பென்ஷன் அவ்வளவு குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போகவும் வழியில்லை.

ஆண்ட்ரஸ் அம்மா அந்த ஒரு டீச்சருக்கு மட்டும் உதவி செய்துவிட்டு நிற்கவில்லை. ஆள் சேர்த்தார். 1947-ல் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு நாடு தழுவிய சங்கம் ஒன்றை உண்டாக்கினார். வயதானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கேட்டுக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். நஷ்டம் வரும் என்று எல்லாரும் கைவிரித்தார்கள். 1950-களின் நடுவில் லெனார்ட் டேவிஸ் என்ற காப்பீட்டு முகவர் ஒருவர் ஒத்துக்கொண்டார். தனியாளாகக் கேட்டபோது கிடைக்காதது, குழுவாகக் கேட்டபோது கிடைத்தது. நமக்கு வங்கி கதவு திறந்ததும் இப்படித்தானே! 1958-ல் ஆசிரியர் அல்லாத எல்லா முதியோருக்குமாக இன்னொரு சங்கம் ஆரம்பித்தார். இன்று அது கோடிக்கணக்கான உறுப்பினர்கள் உள்ள அமைப்பு.

இதற்கிடையில் 1954-ல் ஓஹாய் என்ற ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு ஒரு குடியிருப்பும் ஆரம்பித்தார். சும்மா உட்கார வைத்துச் சோறு போடுகிற இடமாக அது இருக்கக் கூடாது, அவர்கள் செய்யவும் படிக்கவும் ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் 1967-ல் காலமானார். பின்னாளில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுமை பற்றிய ஆராய்ச்சி மையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1975-ல் அங்கேயே முதுமையியலுக்கு என்று தனிக் கல்லூரி வந்தது. அதற்கு அந்தக் காப்பீட்டுக்காரர் டேவிஸின் பெயர். பிறகு அங்கே முதுமையியல் முதுகலையையும் வியாபார நிர்வாகத்தையும் சேர்த்துப் படிக்கிற இரட்டைப் பட்டமும் வந்தது.

அறுபத்து மூன்று உயிர்

கல்லூரி வருவதற்கு முன்னால் பல உயிர்கள் போயின. 1963 நவம்பர் 23 அதிகாலை, ஒஹாயோ மாநிலத்தில் ஃபிட்ச்வில் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லம் தீப்பிடித்தது. 63 பேர் இறந்தார்கள். அதற்கு முதல் நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். நாடே அந்தத் துக்கத்தில் இருந்தது. 63 முதியவர்கள் போன செய்தி பேப்பரில் ஒரு மூலைக்குப் போய்விட்டது.

1965-ல் பெரிய சட்டம் வந்தது. 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீடும், ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்ற உதவியும் வந்தன. ஏழை முதியவரை வைத்துப் பார்க்கிற இல்லங்களுக்கு அரசுப் பணம் பாய்ந்தது. பணம் வருகிற இடத்துக்கு வியாபாரிகளும் வந்தார்கள். நேற்றுவரை வேறு தொழில் பார்த்தவர்கள் எல்லாம் முதியோர் இல்லம் கட்டினார்கள். கம்பெனிகள் பங்குச் சந்தைக்கே போயின. அரசாங்கத்தின் பணம் போகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

அப்போதுதான் 1967-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. நர்சிங் இல்லத்தை நிர்வகிக்கிறவருக்குத் தனியாக உரிமம் வேண்டும். கட்டடத்துக்கு உரிமம் இருந்தால் மட்டும் போதாது. இதைக் கொண்டுவரப் பாடுபட்டவர் இறந்துபோன ஜனாதிபதியின் தம்பி எட்வர்ட் கென்னடி. 1970 ஜூலை 1 முதல் மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நாள் குறித்தார்கள். ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தவர்கள் படித்துத் தேறக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த 1970-ம் ஆண்டு தொடக்கத்திலேயே அதே ஒஹாயோவில் இன்னொரு இல்லத்தில் தீப்பிடித்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தது, இந்த உரிமம் எவ்வளவு அவசியம் என்பதைக் காட்டியது.

உரிமம் வேண்டும் என்றால் தேர்வு வேண்டும். தேர்வு என்றால் பாடம் வேண்டும். டெக்சாஸில் உள்ள வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1967-லேயே முதுமை பற்றிய மையம் ஒன்றை ஆரம்பித்து, இல்ல நிர்வாகிகளுக்குப் பட்டப்படிப்பு நடத்தியது. பிறகு பல பல்கலைக்கழகங்கள் வந்தன. முதியோர் குடியிருப்பு நடத்துவதில் ஓட்டல் நடத்துகிற வேலையும் பாதி இருக்கிறது என்பதால், ஓட்டல் நிர்வாகப் படிப்புக்குப் பேர்போன கார்னெல் பல்கலைக்கழகம் 2015-ல் ஓட்டல், சுகாதாரம், கட்டட வடிவமைப்பு மூன்றையும் சேர்த்து ஒரு மையமே தொடங்கியது.

அப்படி என்னதான் படிக்கிறார்கள்?

அந்த நாட்டு உரிமத் தேர்வின் பாடங்கள் முன்பு ஐந்து பகுதியாக இருந்தன. ஒன்று, முதியவரின் பராமரிப்பும் வாழ்க்கைத் தரமும். இரண்டு, வேலை ஆட்கள். மூன்று, பணம். நாலு, கட்டடமும் சுற்றுப்புறமும். ஐந்து, தலைமை தாங்கி நடத்துவது. நாம் குழுவில் பயிற்சி எடுத்தபோது முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம் என்று ஐந்து சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதேபோல் இதற்கும் அப்போது ஐந்து.

கேட்க எளிதாக இருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு இல்லத்தில் இரவு பகல் எந்நேரமும் ஒரு ஆள் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு எத்தனை பேர் வேலைக்கு வேண்டும்? ஒரு ஆள் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். மூன்று ஷிப்ட், அதனால் மூன்று பேர் என்று சிலர் சொல்வார்கள். வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம். ஒரு ஆள் நாளைக்கு 8 மணி நேரம் வீதம் ஆறு நாள் செய்தால் 48 மணி நேரம். 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை. காய்ச்சல், விசேஷம், துக்கம் எல்லாம் சேர்த்தால் நாலு பேர் வேண்டும். ஒரு நாற்காலிக்கு நாலு சம்பளம்! இந்தக் கணக்குத் தெரியாமல் ஆரம்பிக்கிறவர் என்ன செய்வார்? இரண்டு பேரை வைத்து நாலு பேர் வேலையை வாங்குவார். தூக்கம் இல்லாதவள் கையில் பாட்டி இருப்பார். ராத்திரியில் எழுந்து விழுந்தால் பார்க்க ஆளில்லை என்று பாட்டியைக் கட்டிலோடு கட்டிப் போடுவார்கள். கட்டிப் போட்டவள் கெட்டவள் இல்லை, சகோதரிகளே. கணக்குத் தப்பாகப் போட்டதால் வந்த வினை அது.

இன்னொன்று காலிப் படுக்கை. ஒரு பேச்சுக்கு, 20 பேர் இருக்கிற இல்லத்துக்கு மாதம் 2 லட்சம் ரூபாய் செலவு என்று வைப்போம். தலைக்கு 10,000 ரூபாய். ஐந்து பேர் போய்விட்டார்கள். சோறு, மருந்து என்று ஐந்து பேருக்கு 10,000 ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் வாடகை, சம்பளம், கரண்ட் பில் குறையாது. 1,90,000 ரூபாயை 15 பேர் தாங்க வேண்டும். தலைக்கு 12,667 ரூபாய் ஆகிவிடும். அந்தக் கூடுதல் 2,667 ரூபாயை யாரிடம் வாங்குவது? வாங்க முடியாதவர் முதலில் கை வைக்கிற இடம் சமையலறைதான். பால் குறையும், காய் குறையும், பிறகு ஆள் குறையும். நிர்வாகம் படித்தவர் இதற்கென்று கொஞ்சம் சேமிப்பு வைக்காமல் கதவு திறக்கத் தயங்குவார்.

பணம் தெரிந்தால் மட்டும் போதுமா?

இங்கேதான் வரலாறு இன்னொரு பக்கம் திரும்புகிறது. நிர்வாகம் தெரிந்தவர்கள் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. லாபக் கணக்கில் கெட்டிக்காரர்கள் சிலர் அந்தக் கெட்டித்தனத்தை முதியவர்களுக்கு எதிராகவே திருப்பினார்கள். 1974-ல் மேரி அடிலெய்ட் மெண்டல்சன் என்ற பெண்மணி இல்லங்களில் பணம் எப்படிச் சுரண்டப்படுகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். நியூயார்க்கில் அரசுப் பணத்தை ஏமாற்றியதாகப் பெரிய இல்ல முதலாளிகள் மேல் வழக்கும் வந்தது.

1975-ல் எல்மா ஹோல்டர் என்ற பெண்மணி, இல்லச் சீர்திருத்தத்துக்காகப் போராடுகிற சின்னச் சின்ன ஊர்க் குழுக்களை எல்லாம் ஒன்றாக்கி ஒரு கூட்டமைப்பு கண்டார். ஆமாம், நம்ம மாதிரிதான், குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்பு. அவர்கள் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. 1985-ல் 15 நகரங்களில் 400-க்கும் மேற்பட்ட இல்லவாசிகளிடம் நேரடியாகப் போய், "நல்ல பராமரிப்பு என்றால் உங்களுக்கு என்ன?" என்று கேட்டார்கள். டாக்டரைக் கேட்கவில்லை, முதலாளியைக் கேட்கவில்லை. படுக்கையில் இருக்கிறவரைக் கேட்டார்கள்.

அவர்கள் முதலில் சொன்னது பெரிய கட்டடம் இல்லை, மிஷினும் இல்லை. அன்பாக நடத்துகிற வேலைக்காரர்கள் வேண்டும் என்பதுதான். அப்புறம் நல்ல இடம், நல்ல சாப்பாடு, செய்வதற்கு ஏதாவது ஒரு வேலை.

இரண்டு வருஷத்தில், 1987-ல், இல்லச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. இல்லவாசிகளின் உரிமைகள் எழுத்தில் வந்தன. வேலையாட்களின் வசதிக்காக முதியவரைக் கட்டிப் போடக் கூடாது என்றானது. உதவியாளர் வேலைக்கு வருகிறவருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கட்டாயம் என்றானது.

இந்த 75 மணி நேரத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். நாளைக்கு 8 மணி நேரம் வைத்தால் பத்து நாள் கூட முழுசாக இல்லை. மேலே உட்காருகிறவருக்குப் பட்டம், தேர்வு, பல மாதப் பயிற்சி. குளிப்பாட்டி, மலம் எடுத்து, சோறு ஊட்டி, ராத்திரி முழிக்கிறவருக்குப் பத்து நாள். அந்தக் கீழ் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதிலும் கறுப்பினப் பெண்களும், பிழைக்க வந்த வெளிநாட்டுப் பெண்களும் நிறையப் பேர். இந்தத் தொழில் பெண்கள் வீட்டு அடுப்படியில் ஆரம்பித்தது என்று முன்னால் சொன்னேன். தொழில் வளர்ந்து படிப்பு வந்தபோது, ஆரம்பித்த மாதிரிப் பெண்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். நிர்வாக நாற்காலி வேறு ஆட்களுக்குப் போனது.

நம்ம நாட்டுக் கதை

இனி நம்ம பக்கம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் தொடங்கியது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியம் 1995-ல் மாதம் 75 ரூபாயில் ஆரம்பித்தது. முதியோர் மருத்துவத்தில் நாம் நாட்டுக்கே முன்னோடி. டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கு என்று தனிப் பிரிவு தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-ல் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. பட்டமும் வந்தது. 1999-ல் முதியோருக்கான தேசியக் கொள்கை வந்தது.

2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் பார்க்காவிட்டால் மனு கொடுக்கலாம் என்பது நமக்குத் தெரியும். பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம் என்பதும் அதில் உண்டு. பலருக்குத் தெரியாத இன்னொரு பிரிவும் இருக்கிறது. ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் அரசு அமைக்கலாம் என்கிறது அது. 150 பேர் தங்கும் இல்லத்தை நடத்த யார் இருக்கிறார்கள்? டாக்டர் இருக்கிறார், நர்சு இருக்கிறார். நடத்துகிறவர்?

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர். இன்று அதை விட அதிகம். ஆனால் முதியோர் இல்லம் நடத்துகிறவர் தேர்வு எழுதித் தேறிய பிறகே அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அமெரிக்காவில் இருப்பது போன்ற சட்டம் நம்மிடம் இல்லை. நாம் 1963-க்கும் 1967-க்கும் நடுவில் நிற்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பணம் வர ஆரம்பித்துவிட்டது. தனியார் முதியோர் குடியிருப்புகள் கோயம்புத்தூர் பக்கமும் சென்னைப் பக்கமும் எழும்பிவிட்டன. அடுத்து சின்ன ஊர்களுக்கும் வரும். படிப்பும் விதியும் உயிர்ச்சேதத்துக்கு முன்னால் வரப்போகிறதா, பின்னால் வரப்போகிறதா என்பதுதான் கேள்வி.

நம்மிடம் இருப்பது

சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் பக்கம் முதியவர்களையே உறுப்பினர்களாக்கிச் சுய உதவிக் குழுக்கள் அமைத்தார்கள். வயதானவர்கள் வாங்கிக்கொள்பவர்கள் மட்டும் இல்லை, கணக்குப் பார்க்கவும் தீர்மானம் போடவும் அவர்களால் முடியும் என்று அந்தக் குழுக்கள் காட்டின. அது நம்ம மாநிலத்திலேயே நடந்தது.

நம்மை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், பேரேடு என்று எழுதி எழுதிக் கை பழகியவர்கள் நாம். தணிக்கை என்றால் பயப்படாதவர்கள். வராத கடனை எப்படிக் கேட்பது, சண்டை போடுகிற இரண்டு உறுப்பினரை எப்படி ஒரே பாயில் உட்கார வைப்பது என்று தெரிந்தவர்கள். முன்னால் சொன்ன அந்த ஐந்து பகுதியில் பணம், ஆள், தலைமை மூன்றிலும் நமக்கு அடித்தளம் இருக்கிறது. பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது நாம் தினமும் செய்கிற வேலை.

அதனால் கூட்டமைப்பு முன் என் யோசனைகளை வைக்கிறேன்.

பயிற்சிக்கு ஆள் அனுப்பும்போது எல்லாரையும் உதவியாளர் பயிற்சிக்கே அனுப்ப வேண்டாம். பன்னிரண்டாவது, பட்டம் முடித்த நம்ம பிள்ளைகளில் இரண்டு பேரையாவது முதியோர் சேவை நிர்வாகம் படிக்க அனுப்புவோம். செலவுக்குக் கூட்டமைப்பு நிதியிலிருந்து கல்விக் கடன் தரலாம். படித்து வந்து நம்ம பகுதியில் சில வருஷம் வேலை செய்வதாக எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

இருபத்து நாலு மணி நேர இல்லத்தில் ஆரம்பிக்காமல் பகல் மையத்தில் ஆரம்பிப்போம். ஒரு நாற்காலிக்கு நாலு சம்பளம் என்ற கணக்கை மறக்க வேண்டாம். பகல் மையத்துக்கு ஒரு நாற்காலிக்கு ஒரு சம்பளம், லீவுக்கு ஒரு மாற்று ஆள். நம்மால் தாங்க முடிகிற கணக்கு அது.

கதவு திறக்கும் முன்னால் ஊரில் உள்ள பெரியவர்களிடம் போய்க் கேட்போம். எங்கே உட்கார ஆசை, என்ன சாப்பிட ஆசை, யாரோடு பேச ஆசை என்று கேட்டு எழுதுவோம். அந்த 15 நகரத்து முதியவர்கள் சொன்னதைத்தான் நம்ம ஊர்ப் பெரியவர்களும் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவோம்.

நிர்வாகக் குழுவில் பெரியவர்கள் இரண்டு பேரும், பார்த்துக்கொள்கிற உதவியாளர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். கட்டில் பக்கத்தில் நிற்கிறவள் பேச்சு கணக்கு எழுதுகிறவர் காதுக்கு எட்டாமல் போனதால் வந்த கேடுகளை இந்த வரலாறு முழுக்கப் பார்த்தோம்.

சகோதரிகளே, இந்தத் தொழில் நம்ம ஊருக்கும் வரத்தான் போகிறது. அது வரும்போது பெரியவர்களுக்குச் சோறு ஊட்ட நம்மைத்தான் கூப்பிடுவார்கள், சந்தேகமே இல்லை. அந்த வேலை கேவலமானது இல்லை, பெருமையானது. ஆனால் சோறு ஊட்டுகிறவளும் நாமாக இருந்து, அரிசி எவ்வளவு, ஆள் எத்தனை என்று முடிவு செய்கிற நாற்காலியிலும் நம்ம வீட்டுப் பிள்ளை ஒருத்தி உட்கார வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசித் தீர்மானம் போடுவோம்.

கூட்டமைப்பு வளரட்டும். நம்ம ஊர்ப் பெரியவர்கள் மனநிறைவோடு வாழட்டும்.